படத்தில் இருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் மஞ்சள் கரிசலாங்கண்ணி பற்றி வந்த கட்டுரையில் எழுத்தில் குறையில்லை, படம்தான் தவறு. அதில் இருப்பது பூங்காக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் தரைமூடியாகப் படரவிடும், அமெரிக்கக் கண்டத்துப் படர்கொடி. படத்தைப் பார்த்துக் கீரை பறிக்கிறவர்கள் உண்டு என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தில் ஸ்பாக்னெடிகோலா என்ற ஒரே பேரினம். சித்த மருத்துவர்கள் பொற்றலைக் கையாந்தகரை என்று சொல்லும் நம் செடி ஸ்பாக்னெடிகோலா காலெண்டுலேசியா. பழைய நூல்களில் வெடேலியா சைனென்சிஸ் என்றிருக்கும். பூங்காக் கொடி ஸ்பாக்னெடிகோலா டிரைலோபேட்டா. இரண்டுக்கும் பூத்தலை பொன்னிறம், இரண்டும் தரையில் ஊர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். பொற்றலையின் இலை ஒடுங்கி நீண்டது, அகலம் பெரும்பாலும் 2 செ.மீ.க்குள். விளிம்பு வழவழவென்று இருக்கும், அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாக மழுங்கிய பல் இருக்கும். ஓரம் பிளந்து மடலாகப் பிரியவே பிரியாது. பூங்காக் கொடியின் இலை தடித்து, மேற்புறம் பளபளத்து, 5 செ.மீ. வரை அகலும், நுனிப் பக்கத்தில் இரு புறமும் மடல் விரிந்து வாத்தின் கால்போல் தெரியும். பெயரிலுள்ள ‘டிரைலோபேட்டா’வுக்கே மூன்று மடல் என்றுதான் பொருள். ஆனால் பலரும் ஏமாறுவது இங்கேதான்: இந்தக் கொடியில் எல்லா இலையும் மடல் விடுவதில்லை. ஒரு கிளையில் மடலே இல்லாத இலைகளும் வரும். ஆகவே ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தண்டைத் தூக்கி, அடுத்தடுத்து ஐந்தாறு கணுக்களில் இருக்கும் இலைச் சோடிகளைப் பார்க்க வேண்டும். ஒன்றில் மடல் தெரிந்தாலும் அது கீரை அல்ல.

இதழ்களை எண்ணுவதும் உதவாது. இந்தக் குடும்பத்தில் நாம் ஒரு பூ என்று பறிப்பது பல பூக்கள் சேர்ந்த தலை; சுற்றியுள்ள ஒவ்வோர் ‘இதழும்’ ஒரு தனிச் சிறுமலர். அதன் எண்ணிக்கை ஒரே கொடியிலேயே தலைக்குத் தலை மாறும். தென் சீனாவின் குவாங்தொங் பகுதியில் இவ்விரண்டும் கலந்த கலப்பினமே பதிவாகியிருக்கிறது என்றால் நெருக்கத்தைப் புரிந்துகொள்ளலாம்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் சிக்கல் குறைவு. எக்லிப்டா ப்ரோஸ்ட்ராட்டா என்ற இது வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வளரும். காம்பில்லாத சொரசொரப்பான எதிரிலைகள். பூத்தலை 1 செ.மீ.கூட இராது, சுற்றிலும் மயிர்போல மெல்லிய வெள்ளைச் சிறுமலர்கள் நெருக்கமாக நிற்கும். இலையை விரலிடுக்கில் கசக்கிச் சற்றுப் பொறுத்தால் சாறு கறுக்கும். இந்தச் சோதனை வெள்ளைக்கு மட்டும். மஞ்சளை அடையாளம் காண இதை நம்பக் கூடாது.

வெள்ளையோடு சிலர் குழப்பிக்கொள்வது வெட்டுக்காயப் பூண்டை, அதாவது டிரைடாக்ஸை. ஊருக்கு ஊர் அதற்குப் பெயர் மாறும். சிறுபிள்ளைகளுக்கு அது தாத்தாப்பூ. வறண்ட தரிசிலும் தெருவோரத்திலும் ஒரு சாண் நீளக் காம்பில் ஒற்றைத் தலை நிமிர்ந்து நிற்கும். சுற்றில் சுமார் 5 வெளிர்நிறச் சிறுமலர்கள்தான், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். நடுவட்டம் மஞ்சள். இலை விளிம்பு ஆழமாகக் கிழிந்தாற்போல் இருக்கும். முற்றினால் விதை இறகு விரித்துக் காற்றில் பறக்கும். கரிசலாங்கண்ணி விதைக்கு அந்த இறகு கிடையாது.

நாற்றுப் பண்ணையில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று தண்டு வாங்குவோரும் கணுக்களைச் சரிபார்த்த பிறகே நடவேண்டும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் பூங்காக் கொடியும் இருக்கிறது. அது பரவ விதை வேண்டாம், ஒரு கணுவோடு கூடிய துண்டு போதும். பிடுங்கியதை வாய்க்காலில் எறிந்தால் மிதந்து போய் அடுத்த கரையில் வேர் பிடிக்கும். சிமெண்டுத் தரையில் பரப்பி, தண்டு முறுமுறுவென்று ஒடியும்வரை காயவிட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.

வள்ளலார் தூதுவளை, முசுமுசுக்கையோடு கரிசலாங்கண்ணியைச் சொன்னதால் அன்றாடம் இதை உண்போர் நம்மிடையே பலர். அவர்களில் பொடியாக வாங்குகிறவர்களுக்கு மேலே சொன்ன எந்த அடையாளமும் பயன்படாது. அரைத்த பிறகு எல்லா இலையும் ஒரே பச்சை. பச்சைக் கீரையாகவோ, இலை உருக்குலையாமல் காய்ந்த சருகாகவோ வாங்கிப் பார்த்துவிட்டு வீட்டில் அரைப்பதுதான் வழி.

திருத்தம் வெளியிடும்போது பூவை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் வேண்டாம். தண்டில் மூன்று நான்கு கணுக்களும் இலைச் சோடிகளும் தெரியும்படி ஒரு படம், அளவு புரிய அருகில் ஒரு ரூபாய் நாணயம். பக்கத்திலேயே பூங்காக் கொடியின் தண்டும் அதே அளவில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை