எஃப்.சி. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள் – மூன்றாவது கோரிக்கை மனு

அனுப்புநர்
ஆட்டோ உரிமையாளரும் ஓட்டுநரும்,
சென்னை.
(பெயர், முகவரி, வண்டி எண் இணைப்பில் உள்ளன)

பெறுநர்
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்,
சென்னை.

பொருள்: ஆட்டோவின் தகுதிச் சான்று (எஃப்.சி.) புதுப்பித்தல் – பணம் கட்டியும், மூன்று முறை வண்டியைக் கொண்டுவந்தும் சான்று கிடைக்காதது – சோதனை நாளையும் நேரத்தையும் உறுதியாகச் சொல்லக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிய எனது முதல் மனு. 2. பதிவுத் தபாலில் அனுப்பிய இரண்டாவது மனு. 3. புகார் எண்ணில் பதிவு செய்த புகார் ("தங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. எதை முடித்தார்கள் என்று தெரியவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் 22 வருடமாகச் சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறேன். சொந்த வண்டி, 2015-ல் வாங்கிய பஜாஜ். எட்டு வருடம் தாண்டிய வாடகை வண்டி என்பதால் எனக்கு வருடா வருடம் எஃப்.சி. எட்டு வருடம் ஆகாத வண்டி என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. வீட்டு உபயோகத்துக்குக் கார் வைத்திருப்பவர் 15 வருடம் கழித்து ஆர்.சி. புதுப்பிக்க வந்தால் போதும். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. இதைக் குறையாகவும் நான் சொல்லவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2012 ஜூலையில் முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் அடித்தளத்து ஓட்டை வழியாக விழுந்து இறந்த குழந்தையை எங்கள் ஸ்டாண்டில் யாரும் மறக்கவில்லை. நானும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவன். பிரேக் பிடிக்காத வண்டி ரோட்டில் ஓடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. சோதனை வேண்டாம் என்று இந்த மனுவை எழுதவில்லை ஐயா. சோதனை செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். எனது நிலையைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

1. பழைய எஃப்.சி. முடிவதற்கு 24 நாள் முன்பே பரிவாகன் என்ற போக்குவரத்துத் துறை இணையதளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டினேன். ரசீது இணைத்துள்ளேன். கிடைத்த ஸ்லாட், அதாவது சோதனைக்கு ஒதுக்கிய நாள், எஃப்.சி. முடிந்து ஆறாவது நாள்.

2. எஃப்.சி. வேலை என்றால் என்ன என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிங்கரிங், மஞ்சள் பெயிண்டு, கிழிந்த ரெக்சினை மாற்றிப் புது டாப், புதுப்பேட்டையில் வாங்கிய பின் விளக்கு, இரண்டு டயர், முன்பக்கம் வெள்ளையும் பின்பக்கம் சிவப்புமாக ஒளிரும் ஸ்டிக்கர், மாசு சான்று, மீட்டருக்கு முத்திரை. மொத்தம் 16,800 ரூபாய் ஆயிற்று. கையில் இல்லை. தண்டல் வாங்கினேன். 20,000 என்று எழுதிக்கொண்டு 17,000 கொடுத்தார், தினம் 200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருடைய டி.வி.எஸ். 50 சத்தம் தெருமுனையில் கேட்டுவிடும். தண்டல்காரர் இதுவரை ஒருநாள்கூட ஸ்லாட்டை மாற்றியதில்லை.

3. முதல் முறை. காலை 5.30-க்கு வந்தேன், வரிசையில் 43-வது வண்டி. நம் சோதனை மைதானத்தைத் தாங்கள் தினமும் பார்க்கிறீர்கள். தகரக் கொட்டகை மேஜைக்கு மட்டும்தான். இருக்கும் ஒரே வேப்பமரத்தின் நிழலை லாரிக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஆட்டோக்கள் சுற்றுச்சுவரை ஒட்டி வெயிலில். கேஸ் வீணாகக் கூடாது என்று இன்ஜினை அணைத்துவிட்டு, வரிசை நகரும்போதெல்லாம் இறங்கி, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். பத்தடி தள்ளினால் அரை மணி நிற்க வேண்டும். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த துண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பதினொரு மணிக்கு எடுத்துப் பார்த்தால் வேர்வையில் ஊறி, கடைசி நான்கு எண்கள் வெறும் கறுப்புத் தீற்றலாக இருந்தன. பக்கத்து வண்டிக்காரரிடம் பென்சில் வாங்கிக் குனிந்து மறுபடி தேய்த்தேன். குடிக்க ஒரு குழாய் கிடையாது.

மதியம் 1.10-க்கு ஊழியர் ஒருவர் வந்து, பிரேக் இன்ஸ்பெக்டர் ஐயா விபத்து வண்டியைப் பார்க்கப் போயிருக்கிறார், இன்றைக்கு இல்லை என்றார். விபத்து வண்டியைப் பார்ப்பதும் அவருடைய வேலைதான், அதில் தப்பில்லை. ஆனால் அவர் போனது பத்தரை மணிக்கு. பத்தரைக்குப் போனவரைப் பற்றி ஒன்று பத்துக்கு ஏன் சொல்கிறீர்கள்? அந்த இரண்டரை மணி நேரம் நாங்கள் யாருக்காக வண்டியைத் தள்ளினோம்?

4. இரண்டாவது முறை, ஒன்பது நாள் கழித்து. சர்வர் இல்லை என்றார்கள். அவ்வளவுதான்.

5. மூன்றாவது முறை, அதற்கு எட்டு நாள் கழித்து. மாலை 4.20-க்கு என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், டயர், ஸ்டியரிங், கைப்பிரேக் எல்லாம் பார்த்தார், கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக் அடித்தார். அடித்த இடத்திலேயே வண்டி நின்றது. முழு வேலையும் ஐந்து நிமிடம். பிறகு பின்பக்கம் போய்ச் சிவப்பு ஸ்டிக்கரின் ஓரம் பெயர்ந்திருக்கிறது, ஒட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். சட்டப்படி அவர் சொன்னது சரி. ஆனால் ஐயா, புது ஸ்டிக்கர் பெயர்ந்தது எங்கே? மூன்று முறை நாள் முழுக்க உங்கள் மைதானத்து வெயிலில் நின்றதில் பெயர்ந்தது. எதிர்க் கடையில் 120 ரூபாய் கொடுத்து இருபது நிமிடத்தில் வேறு ஒட்டிக்கொண்டு ஓடிவந்தேன். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் வந்து காட்டலாமா என்றால் இல்லை, திரும்ப ஸ்லாட் போடணும். போட்டேன். எட்டு நாளாகிறது. இன்னும் தேதி வரவில்லை.

6. இதுதான் முக்கியம், மற்றவற்றைப் படிக்க நேரமில்லை என்றாலும் இதை மட்டுமாவது படியுங்கள். எஃப்.சி. முடிந்து இன்றோடு 31 நாள். சோதனைக்குக் கொண்டுவந்த மூன்று நாள் தவிர, 31 நாளாக வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி பதிவே இல்லாத வண்டிக்குச் சமம் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பிடித்தால் 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். அதுகூடப் பரவாயில்லை. ஏதாவது விபத்து ஆனால் எஃப்.சி. இல்லை என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். ஆகவே சவாரிக்கு எடுக்கவில்லை. நான் சட்டத்துக்குப் பயந்தவன். பயந்ததற்குக் கிடைத்த பலனைச் சொல்கிறேன்.

செலவு போக நாளைக்கு 900 ரூபாய் நிற்கும். 31 நாளுக்கு 27,900. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 வீதம் 1,550 ஆகியிருக்கிறது. தாமதம் யாருடையது, கட்டணம் யாருக்கு? இன்சூரன்ஸ், பெர்மிட், வரி எல்லாம் ஓடாத வண்டிக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஐந்து பிள்ளைகளுக்குப் பள்ளிச் சவாரி வைத்திருந்தேன். மாதம் தவறாத வருமானம் அது ஒன்றுதான், வீட்டு வாடகை அதில்தான் போகும். முதல் வாரம் ஸ்டாண்டு நண்பரின் வண்டியைப் பேசி அனுப்பினேன். என் கையிலிருந்து கொடுத்தேன். இரண்டாவது வாரம் அவருக்கும் முடியவில்லை. ஒருநாள் காலையில் ஒரு பிள்ளையின் அம்மா போன் செய்து, "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, வேன்ல சேத்துட்டோம்" என்றார். நான் என்ன தப்பாக நினைப்பது? பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் 8.20-க்கு. அடுத்தடுத்து நான்கு வீட்டிலிருந்தும் போன் வந்தது. இனி எஃப்.சி. கிடைத்தாலும் அந்தப் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை, வேனுக்கு வருடக் கட்டணம் கட்டிவிட்டார்கள்.

சென்ற வாரம் ராத்திரி ஒன்றரை மணிக்கு என் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. வாசலில் வண்டி நிற்கிறது. கேஸ் இருக்கிறது, புது டயர், புது பெயிண்டு. சாவி என் கையில். தார்ப்பாயைப் பாதி விலக்கிவிட்டேன். என் மனைவிதான், "பொண்ண வச்சிட்டு வழியில நிறுத்தினா என்ன பண்ணுவ" என்று தடுத்துவிட்டாள். செல்போனில் ஆட்டோ புக் செய்து, அது வந்து சேர 25 நிமிடம் தெருவில் நின்றோம். 22 வருடம் நடு ராத்திரியில் ஊரார் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டவன், என் பிள்ளைக்கு வேறொருவர் ஆட்டோவில் 280 ரூபாய் கொடுத்தேன். தாயும் சேயும் நலம். அதைப் பற்றி இந்த மனுவில் வேறொன்றும் இல்லை.

7. அலுவலக வாசலில் டீக்கடை பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். யாரென்று தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2,500 ரூபாய் கொடு, வியாழக்கிழமை பதினொன்றேகாலுக்கு வா, பன்னிரண்டு மணிக்குப் போய்விடலாம் என்கிறார். நான் கொடுக்கவில்லை. இல்லாததால் கொடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் கேள்வி பணத்தைப் பற்றி அல்ல. அரசாங்கத்துக்குப் பணம் கட்டிய எனக்கு, இரண்டு மனுவும் ஒரு புகாரும் கொடுத்தும், சோதனை எப்போது என்று அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை. டீக்கடை பெஞ்சுக்கு மட்டும் பதினொன்றேகால் என்பது எப்படித் தெரிகிறது? அவருக்குச் சொல்ல முடிந்த நேரத்தை எங்களுக்குச் சொன்னால் என்ன?

8. கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு முடிந்துபோன எஃப்.சி., பெர்மிட் எல்லாம் செல்லும் என்று மத்திய அரசு பல முறை நீட்டித்து, கடைசியாக 2021 அக்டோபர் 31 வரை கொடுத்தது. வண்டிக்காரன் மேல் தப்பில்லாதபோது தேதியைத் தள்ள வழி உண்டு என்றுதானே அதற்கு அர்த்தம்? எனக்கு மாதக்கணக்கில் வேண்டாம். உங்கள் அலுவலகம் திருப்பி அனுப்பிய நாட்களுக்கு மட்டும், "சோதனைக்குக் காத்திருக்கும் வண்டி" என்று சீல் வைத்த ஒரு சீட்டுக் கொடுங்கள். அதற்குத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றால், அதிகாரம் உள்ளவருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

ஆகவே ஐயா அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

அ) என் வண்டிக்குச் சோதனை நாளையும் நேரத்தையும் இந்த வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒன்றுதான் பாக்கி. முழுச் சோதனை செய்தாலும் சரி, ஸ்டிக்கரை மட்டும் பார்த்தாலும் சரி.

ஆ) என் பிழையில்லாத நாட்களுக்குத் தாமதக் கட்டணம் கேட்கக் கூடாது.

இ) ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பார்க்க முடியுமோ அத்தனைக்கு மட்டும் ஸ்லாட் கொடுங்கள். 30 வண்டி பார்க்க முடிந்தால் 30 பேரை மட்டும் கூப்பிடுங்கள். 80 பேரைக் கூப்பிட்டு 50 பேரைத் திருப்பி அனுப்பாதீர்கள். இன்ஸ்பெக்டர் வெளியே போனால் கேட்டில் ஒரு கரும்பலகை வைத்து எழுதிப் போடுங்கள். சாக்பீஸ் நான் வாங்கித் தருகிறேன். சின்னக் குறை சொல்லித் திருப்பி அனுப்பிய வண்டியை மறுநாளே வரிசை இல்லாமல் பாருங்கள். இதெல்லாம் பெரிய காரியமா ஐயா? இதற்கு டெண்டர் விட வேண்டுமா? ஒரு குடிநீர்க் குழாயும் கேட்டிருப்பேன், கேட்டால் அதையே காரணம் காட்டி மற்றதை ஒத்திப்போட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடுதலாக விழுந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். முதல் மனுவை மரியாதையாகத்தான் எழுதினேன், தங்கள் கோப்பில் இருக்கும், பாருங்கள். மறுபடியும் கேட்கிறேன்: எந்த நாள், எத்தனை மணிக்கு? அதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர் (கையொப்பம்)

இணைப்பு: கட்டண ரசீது, ஆர்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட், மாசு சான்று நகல்கள். மூன்று ஸ்லாட் சீட்டுகள். முதல் இரண்டு மனுக்களின் நகல்.

குறிப்பு: வண்டியின் பக்கவாட்டில் பெயிண்டர் "எஃப்.சி." என்று எழுதி, தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார். தேதி தெரிந்ததும் வா, காசு வேண்டாம், எழுதித் தருகிறேன் என்றார். மாலை நேரம் ஆனாலும் பரவாயில்லை. ஒரு மணி நேரம் முன்னால் போன் செய்தால் போதும், வண்டியைக் கொண்டுவந்துவிடுவேன். ஓட்டிக்கொண்டு வரக் கூடாது என்றால் தள்ளிக்கொண்டு வருகிறேன்.