மரண அறிவித்தலில் அம்மாவின் ஊர்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் உங்கள் பத்திரிகையில் என் அம்மாவின் மரண அறிவித்தல் வெளிவந்தது. "நாவலப்பிட்டியைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சி வட்டக்கச்சியை வதிவிடமாகவும் கொண்ட" என்று அது தொடங்கியது. அன்று வந்த தொலைபேசி அழைப்புகளில் சில அனுதாபம் சொல்ல. மற்றவை, "ஏன் பிள்ளை நாவலப்பிட்டி எண்டு போட்டனீங்கள்?" என்று கேட்க. கேட்டவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்வதை விட, அவர்கள் எல்லோரும் வாசிக்கிற இடத்திலேயே சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

என் சித்தப்பா எழுதித் தந்த முதல் வாசகத்தில் "கிளிநொச்சியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட" என்றுதான் இருந்தது. அம்மா பிறந்தது 1959 இல், நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). சித்தப்பாவுக்கு அது தெரியும். அவர் கெட்ட மனிதரும் இல்லை. அண்ணி அண்ணி என்று கடைசிவரை அம்மாவின் கையால் சாப்பிட்டவர். "உனக்கு ரெண்டு பெட்டையள் இருக்கு, நாளைக்குக் கலியாணம் பேச வேண்டாமோ?" என்று கேட்டார். தோட்டத்து வழி என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப் போகும் என்பதுதான் அவருடைய கவலை. வெள்ளவத்தையில் சம்பந்தம் பேசுகிறவர்கள் சாதகத்துக்கு முன்னால் மரண அறிவித்தல்களைத் தேடிப் பார்ப்பது உண்மைதான். யாருடைய மகள், யாருடைய மருமகன், எந்த ஊர், எந்தப் பகுதி என்று எல்லாமே அதில் இருக்கிறதே. அதனால்தான் பொய்யும் அங்கே நுழைகிறது. நான் நாவலப்பிட்டி என்றே எழுதிக் கொடுத்தேன். உங்கள் விளம்பரப் பகுதியினர் ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டார்கள். அதற்கு நன்றி.

அப்பாவின் ஊரைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதில்லை. 2015 இல் அவர் காலமானபோது அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் நடுப்பக்கம் முழுக்க வம்சாவளிதான். புங்குடுதீவில் அப்பாவின் பூட்டனில் தொடங்கி, கிளை பிரிந்து கனடா வரை போகிறது. ஆண்களின் பெயரைச் சுற்றிக் கட்டம் போட்டிருக்கிறார்கள். பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறியும் பெயரும். என் அம்மாவின் பெயரிலிருந்து மேலே ஒரு கோடும் போகவில்லை, அவருக்குத் தாய் தகப்பனே இல்லாத மாதிரி.

சரி, அம்மாவை விட்டுவிட்டார்கள். அப்பா வாழ்ந்த வன்னியையாவது எழுதினார்களா என்றால், அதுவும் இல்லை. தீவில் பிறந்தார், கிளிநொச்சியில் "வதிந்தார்", அவ்வளவுதான். அந்தக் காலத்தில் கையில் முதல் இருந்த புங்குடுதீவார் கொழும்பிலும் தெற்கிலும் கடை போட்டார்கள். அப்பப்பாவிடம் முதல் இல்லை. இரணைமடுக் குளத்தின் கீழ் காடு வெட்டிக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் வட்டக்கச்சிக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். கனகராயன் ஆற்றை மறித்து வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய குளம் அது. குளம் இருந்தும் மலேரியாவுக்குப் பயந்து சனம் வரவில்லை. நாற்பதுகளின் நடுவில் டி.டி.ரி. மருந்து அடிக்கத் தொடங்கிய பிறகுதான் துணிவு வந்தது. அப்பப்பா கொட்டில் போட்டு, கிணறு வெட்டி, முதல் காலபோகத்து நெல்லை அரிந்து சூடடித்த பிறகுதான் அப்பம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தீவில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு நடையாய் நடந்தவர் அவர். வாய்க்காலில் தண்ணீர் சும்மா ஓடுவதைப் பார்த்ததும் முதலில் அவருக்குக் கோபம்தான் வந்ததாம்.

அம்மாவின் பக்கத்துக்கு இப்படி வரிசையாகச் சொல்லக் கதை இல்லை, கடதாசியும் இல்லை. புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த பரம்பரை என்பது மட்டும் தெரியும். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை ஒரேயடியாக நாடில்லாதவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்தக் கணக்கில் அம்மப்பாவின் தம்பி குடும்பம் நீலகிரிக்குப் போனது. கூடலூரிலிருந்து சில காலம் கடிதம் வந்து நின்றுவிட்டது. அம்மப்பா குடும்பம் இங்கேயே இழுபட்டது. 1977 ஓகஸ்ட் கலவரத்தில் லயம் எரிந்ததும், உடுத்த துணியோடு லொறியில் கிளிநொச்சிக்கு வந்தார்கள். பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர் எல்லாம் அப்படி வந்தவர்கள் பற்றை வெட்டிக் குடியிருந்த இடங்கள்தான்.

அப்போது வன்னியில் மிளகாய்க் காலம். எழுபதுகளில் வெளிநாட்டு மிளகாய், வெங்காயத்தைத் தடுத்து வைத்திருந்ததால், செத்தல் மிளகாய்க் காசில் வீடு கட்டியவர்களும் உழவு இயந்திரம் வாங்கியவர்களும் வட்டக்கச்சியில் நிறையப் பேர். பழம் பிடுங்க ஆள் வேண்டும். அம்மா அப்பப்பாவின் மேட்டுக்காணிக்குக் கூலிக்கு வந்தது அப்படித்தான். மிளகாய்ப் பழத்தைக் காம்போடு பிடுங்க வேண்டும். காம்பு கழன்றால் காயப்போடும்போது உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். ஊர்ப் பெண்கள் ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பிடுங்குவார்கள். சிறுவயதில் கொழுந்து பறித்துப் பழகிய அம்மாவுக்கு இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடும். "அவவின்ர கடகத்தில காம்பில்லாத பழம் ஒண்டும் இராது" என்று அப்பா எங்களிடம் வயதான பிறகும் சொல்லுவார். ஆளைப் பார்க்க முதல் கடகத்தைப் பார்த்தவர் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அம்மா சொன்னது வேறு. இரவில் கை எரிந்து நித்திரை வராது, தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு உள்ளங்கையை விரித்து வைத்தபடி விடியும்வரை இருந்ததைத்தான் அவர் சொல்லுவார்.

1979 இல் கலியாணம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தாலி, பிறகு கிளிநொச்சியில் எழுத்து, அதாவது பதிவு. அப்பப்பா வரவில்லை. "தோட்டக்காட்டாள்" என்ற சொல்லை அவர் அம்மாவின் காதுபடவே சொன்னவர். அதை நான் இங்கே மறைக்கப்போவதில்லை. பிற்காலத்தில் படுக்கையில் கிடந்த அவருக்குக் கஞ்சி பருக்கியது அம்மாதான் என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டும் எங்கள் குடும்ப வரலாறுதான்.

அப்பாவின் கல்வெட்டில் "தன் அயராத உழைப்பால் காணியைப் பொன் விளையும் பூமியாக்கினார்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தக் காணிக்கு இருக்கும் ஒரே ஆவணம், அப்பப்பாவுக்குப் பிறகு அப்பாவின் பெயருக்கு மாறிய பெர்மிற் என்ற அரசாங்கக் காணி அனுமதிப் பத்திரம். 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடியபோதும், 2008 கடைசியில் வட்டக்கச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு என்று முள்ளிவாய்க்கால் வரை போனபோதும், அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டு போனவர் அம்மா. தைத்த ஊசி ஓட்டைகள் கடதாசியின் ஓரத்தில் இன்னும் வரிசையாகத் தெரியும். செட்டிகுளம் முகாமில் உறையைப் பிரித்துப் பார்த்தபோது மடிப்புகள் நாலாகக் கிழிந்திருந்தன, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் எங்கேயும் அம்மாவின் பெயர் இல்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையில், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து) என்றால் புருஷன் பெண்சாதி இருவருக்கும் பாதிப் பாதி. ஆனால் பெர்மிற் காணி 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் உரிமை மாறுவதற்கு அந்தச் சட்டம் சொல்வதுதான் விதி, தேசவழமை அங்கே செல்லாது. விதவை சாகும்வரை இருந்து பயிர் செய்யலாம், மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். பின்னுரித்து (தனக்குப் பிறகு காணி யாருக்கு என்பது) எழுதாவிட்டால் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம் என்ற வரிசை 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை இருந்தது. எங்கள் வீட்டில் அப்பா அண்ணாவுக்கு எழுதிவிட்டார். அண்ணாவோடு எனக்கு வழக்கில்லை. வன்னியில் காடு வெட்டிய சோடிகளில் ஒருவருடைய பெயர்தான் அரசாங்கத்தின் கடதாசியில் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். அரசாங்கம் விட்ட பெயரை நாங்கள் அடிக்கும் கல்வெட்டிலும் விட்டுவிட்டால், பிறகு அதை எங்கே தேடுவது? அம்மாவுக்கு 2003 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அடையாள அட்டையே கிடைத்தது. அதுவரை அவர் இருந்தார் என்பதற்குச் சாட்சி, கலியாண எழுத்தும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களில் தாய் என்ற கட்டமும்தான்.

ஆகவே அம்மாவின் கல்வெட்டை நான் வேறு மாதிரி எழுதினேன். தேவாரங்களைக் கொஞ்சம் குறைத்தேன் (அதற்கும் ஒரு பெரியவர் கோபித்தார்). வம்சாவளியை இரண்டு பக்கமாகப் போட்டேன். அம்மாவின் பக்கத்தில் மூன்று தலைமுறைக்கு மேல் பெயர் தெரியாது, அந்த இடத்தைத் தெரியாது என்றே விட்டிருக்கிறது. கூடலூர் போனவர்களின் பெயர்களும் உண்டு. மிளகாய்த் தோட்டமும் உண்டு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வார இறுதிப் பதிப்பில் பெரிய மனிதர்களின், பழைய பெரிய வீடுகளின் குடும்ப வரலாறுகள் அவ்வப்போது வருகின்றன. நான் விரும்பி வாசிப்பவள்தான். வட்டக்கச்சி, உருத்திரபுரம், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறையில் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் புருஷன் பெண்சாதிமாரின் கதைகளுக்கும் அங்கே இடம் கொடுங்கள். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். சேர்த்து வைத்துக் கேட்டால் ஐயாமார்தான் கதைப்பார்கள், அம்மாமார் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. கல்வெட்டு அடிக்கிறவர்கள் ஒரு பிரதியை 57 ஆவது ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும், இன்னொன்றை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். நினைவு மலர்களை நூலகம் நிறுவனத்தினர் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கிறார்கள். அம்மாவினது இரண்டு இடத்துக்கும் கொடுத்தாயிற்று. தொலைபேசியில் நாவலப்பிட்டி ஏன் என்று கேட்டவர்களுக்கும் தபாலில் ஒவ்வொன்று அனுப்பியிருக்கிறேன், வம்சாவளியில் உங்கள் பெயரில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06