தேதி விழாத புத்தகங்கள்

அன்புள்ள விமலா,

ஐந்து மாதமாக உனக்கு எழுதவில்லை. உன் இரண்டு கடிதங்களும் இழுப்பறையில்தான் இருக்கின்றன. முதலாவதில் மூட்டு வலி எப்படி என்று கேட்டிருந்தாய், இரண்டாவதில் திட்டியிருந்தாய். வலி அப்படியேதான் இருக்கிறது, திட்டு நியாயம்தான். பெரியவனுக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. அத்தை ஆடியில் போய்விட்டாள். கடைசி வரைக்கும் உன்னை "அந்தக் கொய்யாப்பழக் குட்டி" என்றுதான் விசாரித்தாள். நாக்பூரில் உட்கார்ந்துகொண்டு நீ இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாய், அப்புறம் அழுவாய், தெரியும்.

இப்போது எழுத உட்கார்ந்தது நம்ம நூலகத்துக்காக.

கட்டடம் ஒழுகுகிறது என்று போன வருஷமே எழுதினேன் அல்லவா? புதுக் கட்டடம் கட்டிவிட்டார்கள், பேருந்து நிலையத்துக்குப் பின்னால். தை மாதம் மாறப் போகிறார்கள். கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போன மாதம் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சாக்கு மூட்டைகள், வரிசையாக. ஒன்றின் வாய் கட்டாமல் கிடந்தது. குனிந்து பார்த்தால் மேலாக இருந்த புத்தகத்தின் முதுகில் அந்த வெள்ளைத் தாள் ஒட்டு, அதில் மசியில் ஓ31,3. நம்ம அலமாரி, விமலா! பள்ளிக்கூடத்தில் யாருக்கும் புரியாமல் "இன்றைக்கு ஓ31,3-க்கு வருகிறாயா" என்று கேட்டுக்கொள்வோமே, அதே எண். ஓ என்றால் இலக்கியம், 31 தமிழ், 3 புனைகதை என்று நூலகர் சார் ஒரு மத்தியானம் விரல் விட்டு விளக்கினார், ஞாபகம் இருக்கிறதா? இப்படிப் பிரித்துவைத்த ரங்கநாதன் நம்ம பக்கத்துச் சீர்காழிக்காரர் என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நூலகரிடம் கேட்டேன். இப்போது இருப்பவள் சின்னப் பெண், முப்பது வயது இருக்கும், நல்ல பெண். "அம்மா, புது இடத்தில் அலமாரி குறைவு. படிக்கும் கூடம்தான் பெரிசு. கிழிந்ததும், ரொம்ப நாளாக யாரும் எடுக்காததும் கழிவுப் பட்டியலில் போகிறது" என்றாள். யாரும் எடுக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்றேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தேதிச் சீட்டு. கடைசியாக விழுந்த முத்திரை 11 வருஷத்துக்கு முந்தினது.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கரையான் தின்ற புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழ முடியாது, இடம் வேண்டும். கூடம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் சரிதான். காலை எட்டரைக்கே வாசலில் பிள்ளைகள் நிற்கிறார்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள். வீட்டில் மின்விசிறி கூட இல்லாத பிள்ளைகள் அதில் பாதி. அவர்களுக்கு அந்த நாற்காலி வேண்டும். நான் கேட்பது வேறு. அந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்தார்களா?

நான் பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன், தரையில் உட்கார்ந்து. மூட்டு வலி குறையாததற்கு அதுதான் காரணம் என்று மருமகள் சொல்கிறாள். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துப் புத்தகங்கள் மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அந்தக் கெட்டி அட்டை, வழவழத் தாள், பிரித்தால் வரும் அந்த வாசனை. சோவியத் போனதோடு அந்தப் பதிப்பகத்தின் தமிழ் வேலையும் போய்விட்டது. இனி எந்தக் கடையில் போய் வாங்குவது? கூடவே ஊர் ஊராக ஆட்கள் சொந்தக் காசில் அச்சடித்த தலவரலாறுகள், ஒரு கைத்தறி நெசவுக் கையேடு, கும்மிப் பாட்டுத் தொகுப்பு ஒன்று. சென்னையில் மொத்தமாக வாங்கி அனுப்பும் புத்தகங்கள் எல்லா நூலகத்திலும் இருக்கும், ஒன்று போனாலும் இன்னொரு ஊரில் கிடைக்கும். இந்தக் கும்மிப் பாட்டு வேறு எங்கே இருக்கும்?

என்னை உலுக்கிப் போட்டது அதுவும் இல்லை. நாலாவது மூட்டையைப் பிரித்தால் கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து கொண்டுவந்த பத்துத் தொகுதிகள். முதல் தொகுதி வந்தது 1954-ல். ஏழாவது மட்டும் இல்லை. அது எப்போதுமே இல்லை, அதற்கு யார் காரணம் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

இதன் கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டே கிடையாது. ஏன்? இது குறிப்புதவி நூல். "வெளியே எடுத்துச் செல்லக் கூடாது" என்று சிவப்பு மையில் முத்திரை குத்தி, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். நாம் அங்கேயே நின்று படித்தோம். எத்தனை மாலை! ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான், கனம் தாங்காமல் நடுவில் ஜன்னல் திண்டு. அந்தப் படிப்பு எந்தச் சீட்டில் பதிவாயிற்று? எடுத்துப் போகாதே என்று விதியும் போட்டுவிட்டு, யாரும் எடுக்கவில்லை என்று கழிக்கவும் செய்வதா? இதைச் சொன்னதும் அந்தப் பெண் பேசாமல் நின்றாள். பிறகு, "அது இணையத்தில் இருக்கிறது அம்மா" என்றாள். இருக்கிறது, நானும் பார்த்தேன். தேடத் தெரிந்தவளுக்குக் கிடைக்கும். நாம் எதைத் தேடிக்கொண்டு போனோம், சொல். யானையைத் தேடிப் போய் யாழைப் படித்துவிட்டு வந்தோம்.

ஆனால் அவள் நல்லவள் என்றேனே. அடுத்த நாளே பத்துத் தொகுதியை, அதாவது ஒன்பதை, மூட்டையிலிருந்து எடுத்துத் துடைத்துத் தன் மேசைக்குப் பின்னால் அடுக்கிவிட்டாள். மற்றதற்கு அவளால் முடிந்ததை மறைக்காமல் சொன்னாள். "பட்டியல் மார்கழி முடிவில்தான் அனுப்பணும். அதற்குள் தேதி விழுகிற புத்தகத்தை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்."

அன்றைக்கே மூன்று புத்தகம் எடுத்தேன். முத்திரையை மைப்பஞ்சில் ஒற்றி அவள் குத்தினாள். 11 வருஷத்து வெற்றிடத்துக்குக் கீழே ஊதா நிறத்தில் ஈரமாக ஒரு தேதி. அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இப்போது நாங்கள் நாலு பேர். நான், என் பழைய அலுவலகத்தில் இருந்த இரண்டு பேர், குரூப் 4-க்குப் படிக்கும் ஒரு பையன். ஆளுக்கு மூன்று புத்தகம், பதினைந்து நாள் தவணை. சீக்கிரம் படித்துவிட்டால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம், விதியில் தடை இல்லை. ஆனால் படிக்காமல் சும்மா முத்திரை வாங்குவதில்லை என்று நாலு பேரும் பேசி வைத்திருக்கிறோம். நேற்று வரை 38 புத்தகம் வெளியே வந்திருக்கிறது. மூட்டைகளில் அறுநூறுக்குக் குறையாது. கணக்கு எனக்கே தூக்கத்தைக் கெடுக்கிறது.

உன் தம்பியிடம் போய்க் கேட்டேன். "அக்கா, எல்லாம் போனிலேயே வருதே" என்றான். வீட்டு வரி ரசீதை எடுத்துவா என்றேன். சொத்து வரி, அதன் கீழே நூலக வரி என்று தனி வரி இருக்கிறது பார், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா, வருஷா வருஷம் நீ கட்டிக்கொண்டிருக்கிறாய், கட்டினதை அனுபவிக்க உனக்குக் கசக்கிறதா என்றேன். 1948-ல் சட்டம் போட்டதிலிருந்து இந்த ஊர் ஜனங்களின் காசில் வாங்கிய புத்தகம் அது. நாளைக்கு வந்து உறுப்பினராகிறேன் என்றிருக்கிறான். நீயும் ஒரு தடவை போனில் சொல்லு. அவன் நாளை உனக்குத் தெரியும்.

இந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1974 ஞாபகம் வரும். உறுப்பினராக வீட்டு வரி கட்டுகிறவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நீங்கள் வாடகை வீடு. உன் அப்பா படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். என் தாத்தாதான் இரண்டு படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். "வாடகை குடுக்கிறவனும்தான்யா வரி கட்டுறான், வீட்டுக்காரன் கை வழியாப் போவுது" என்று நூலகர் சாரிடம் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. அன்றைக்கு உன் அப்பாவின் முகம் மட்டும் மறக்கவில்லை. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

பக்கத்தில் மன்னார்குடி மேலவாசலில் 1931-லேயே கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். ஆள் வரவில்லை என்றால் புத்தகம் போகட்டும் என்று நினைத்த பூமி இது. நாலு மூட்டையை ஒரு தெரு தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க நமக்கு முடியாதா?

நீ செய்ய வேண்டியது இதுதான். பொங்கலுக்கு வருவதை மார்கழி முதல் வாரத்துக்கு மாற்றிக்கொண்டு கிளம்பி வா. உன் பழைய அட்டை செல்லாது, புதிதாகச் சேரலாம். தம்பி வீட்டு முகவரி போதும். உனக்கென்று நெசவுக் கையேட்டைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஏழாவது தொகுதி இன்னும் உன் பெட்டியில் இருந்தால், துணியில் சுற்றி மறக்காமல் கொண்டுவா. அபராதம் எவ்வளவு ஆனாலும் நான் கட்டுகிறேன்.

வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. அன்றைக்குக் காலையில் வந்து இறங்காதே.

அன்புடன்,
ராஜி