திட்டம் போட்டுக் கொடுத்தவர் வாங்கிய கட்டணம் யாருக்குச் சொந்தம்?

ஜி.எஸ்.டி. மன்றத்தில் புதுச்சேரி சார்பில் அமரும் அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லித்தோப்பில் இரும்புக் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். போலி பில் மோசடியில் மாட்டியவரிடம் வரி, வட்டி, தண்டம் எல்லாம் கேட்கிறீர்கள். சரி. அந்த மோசடிக்குத் திட்டம் போட்டுக் கொடுத்த சட்ட, வரி ஆலோசனை நிறுவனம் வாங்கிய கட்டணம் மட்டும் ஏன் பத்திரமாக இருக்கிறது? அதையும் வசூலிக்க மன்றத்தில் நீங்கள் பேச வேண்டும். நம் பிரதேசம் சின்னதுதான். சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் ஜி.எஸ்.டி. மன்றத்தில் நமக்கும் ஒரு நாற்காலி உண்டு.

மோசடி நடப்பது இப்படித்தான். கடன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, கூலிக்குப் போகிறவரின் ஆதார், பான் நகலை வாங்குவார்கள். அந்தப் பெயரில் ஒரு ஜி.எஸ்.டி. எண் எடுப்பார்கள். 10 லட்சம் ரூபாய்க் கம்பிக்குப் பில் போட்டால் 18 சதவீதத்தில் வரி 1,80,000 ரூபாய். கம்பி நகராது, பில் மட்டும் நகரும். பில்லை வாங்கியவர் அந்தத் தொகையைத் தன் வரியில் கழித்துக்கொள்வார். பில் போட்டவர் அரசுக்குக் கட்டவே மாட்டார். எத்தனை கை மாற்றுவது, எப்போது கடையை மூடிவிட்டு ஓடுவது என்பதெல்லாம் அந்தக் கூலித் தொழிலாளிக்கா தெரியும்? (டூ வீலர் நம்பரை, சரக்கு ஏற்றிப் போக எடுக்கும் இ-வே பில்லில் போட்டு டன் கணக்கில் இரும்பு ஏற்றியதாகக் காட்டிய கூத்தும் நடந்திருக்கிறது. அது மூளை இல்லாதவன் வேலை. நான் சொல்வது மூளை உள்ளவர்களைப் பற்றி.)

கடலூரிலிருந்து எனக்கு வந்த சரக்கு உண்மையிலேயே இறங்கியது. எடைமேடைச் சீட்டு, லாரி வாடகை ரசீது, வங்கியில் பணம் போன விவரம் எல்லாம் இருக்கிறது. விற்றவர் வரி கட்டவில்லை என்பதால், அவர் கட்டினால்தான் வாங்கியவர் கழிக்கலாம் என்னும் ஜி.எஸ்.டி. சட்டப் பிரிவு 16(2)(சி)-ஐக் காட்டி நோட்டீஸ் வந்தது எனக்கு.

மோசடியைச் செய்யச் சொல்லி அதன் பலனைத் தன்னிடம் வைத்துக்கொள்பவருக்கும், ஏய்த்த வரிக்குச் சமமான தண்டம் உண்டு என்று 2021 முதல் அதே சட்டத்தின் பிரிவு 122(1ஏ) சொல்கிறது. ஆலோசகர் என்ன சொல்வார்? "பலன் கட்சிக்காரருக்கு, எனக்கு வந்தது கட்டணம்தான்" என்பார். கட்டணமும் பலனே என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும்.

பிரிட்டனில் இதற்கு 2017-லேயே வழி செய்துவிட்டார்கள். வரித் தவிர்ப்புத் திட்டம் செல்லாது என்று முடிவானால், அதற்கு உதவியவர் வாங்கிய கட்டணம் முழுவதும் தண்டமாகப் போய்விடும். ஜெர்மனியில், ஒரு முறை கட்டிய ஈவுத்தொகை வரியைப் பலமுறை திரும்பப் பெற்ற கும்-எக்ஸ் மோசடி நடந்தது. அதில் சிக்கித் திவாலான மேப்பிள் வங்கிக்கு ஆலோசனை சொன்ன ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ் சட்ட நிறுவனம், 2019-ல் திவால் நிர்வாகிக்கு 5 கோடி யூரோ கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதன் முன்னாள் வரிப் பிரிவுத் தலைவருக்கு 2024 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

வக்கீல்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். வழக்கில் வாதாடுகிறவர் மேல் கை வைக்கச் சொல்லவில்லை. கட்சிக்காரர் சொன்ன ரகசியத்துக்குப் பாதுகாப்பு தரும் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாட்சிய அதிநியம், 2023) 132-ஆம் பிரிவே, சட்டவிரோத நோக்கத்துக்காகப் பேசியதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்கிறது.

அப்படி வசூலாகும் பணத்தில், சரக்கையும் வாங்கி வரியையும் கொடுத்துவிட்டு உள்ளீட்டு வரவை (அந்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமையை) இழந்தவர்களுக்கு முதலில் ஈடு கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும் முன் எங்களைக் கூப்பிட்டால் எடைமேடைச் சீட்டுகளோடு வருகிறோம்.

இப்படிக்கு,
ஓர் இரும்பு வியாபாரி,
நெல்லித்தோப்பு, புதுச்சேரி