'ஹிஜாபுக்குத் தடை' என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரான்ஸ் பற்றிய செய்தி என்றால் 'ஹிஜாபுக்குத் தடை' என்ற தலைப்பே திரும்பத் திரும்ப வருகிறது. தெருவில் முக்காடு போட அங்கே தடை கிடையாது. இருக்கிற விதிகள் ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி மாறுபவை.

அடிப்படை, 1905 டிசம்பர் 9 சட்டம். தேவாலயத்தையும் அரசையும் பிரித்த அந்தச் சட்டம் வழிபாட்டு உரிமையையும் உறுதி செய்தது. அரசுக்கு மதம் இல்லை என்பதால் அரசு ஊழியர் பணிநேரத்தில் முக்காடு, சிலுவை, தலைப்பாகை எதுவும் அணியக் கூடாது. அவரிடம் விண்ணப்பம் கொடுக்க வரும் பெண் முக்காடு போட்டிருக்கலாம்.

2010 அக்டோபர் 11 சட்டம் பொது இடத்தில் முகத்தை மறைப்பதைத் தடுக்கிறது; அபராதம் 150 யூரோ வரை. ஒரு பெண்ணை மிரட்டி முகத்தை மூடவைப்பவருக்கு ஓராண்டுச் சிறையும் 30,000 யூரோ அபராதமும் விதிக்கலாம். இந்தப் பகுதியை நம் பத்திரிகைகள் எழுதுவதே இல்லை.

என் ஆட்சேபம் 2004 மார்ச் 15 சட்டத்தின் மீதுதான். அரசுப் பள்ளி மாணவர்கள் மதத்தை வெளிப்படையாகக் காட்டும் முக்காடு, யூதத் தொப்பி, பெரிய சிலுவை போன்றவற்றை அணியக் கூடாது. சங்கிலியில் தொங்கும் சின்னச் சிலுவை பரவாயில்லை. பல்கலைக்கழகத்துக்கு இது பொருந்தாது. பன்னிரண்டாம் வகுப்பில் முக்காட்டைக் கழற்றிவிட்டு உள்ளே போன பெண், அடுத்த ஆண்டு பல்கலைக்கழக வகுப்பில் அதோடு உட்காரலாம்.

எந்தத் துணி மதத் துணி என்று சட்டம் பட்டியல் போடவில்லை. 2023-இல் அபாயா என்ற நீள அங்கியும் தடைக்குள் வந்தது. செப்டம்பர் 7-ஆம் தேதி உச்ச நிர்வாக நீதிமன்றம் தடையை நிறுத்திவைக்க மறுத்துவிட்டது. தளர்ந்த நீள கவுனும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். பள்ளி வாசலில் நிற்பவர் துணியைப் பார்த்து முடிவு செய்ய முடியாமல், போட்டிருக்கும் பெண்ணின் பெயரையும் நிறத்தையும் பார்க்கத் தொடங்குவார். சீக்கிய மாணவர் ஒருவர் பெரிய தலைப்பாகைக்குப் பதில் சிறிய தலைத்துணி கட்டி வந்தும் நீக்கப்பட்டார். அது அவருடைய மத உரிமையை மீறியது என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-இல் சொன்னது.

மதிப்பெண் போடும் ஆசிரியர் அரசின் முகம். அவரிடம் நடுநிலையைக் கேட்பது நியாயம். படிக்க வரும் பிள்ளையிடம் அதையே கேட்பது 1905-இன் நோக்கத்துக்கே புறம்பானது.

இனி இப்படிச் செய்தி வரும்போது யாருக்கு, எந்த இடத்தில், எந்த உடைக்குத் தடை என்பதை முதல் பத்தியிலேயே அச்சிடுங்கள்.

தங்கள் வாசகர்