முன்னாள் படைவீரர்களுக்கு இலவசச் சட்ட உதவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் படைவீரர்களுக்காகக் கட்டணமின்றி வாதாட முன்வரும் வழக்கறிஞர்கள் நம் நன்றிக்குரியவர்கள். ஆனால், பல கோரிக்கைகள் வழக்கறிஞரின் மேசைக்கு வருமுன்பே வலுவிழந்துவிடுகின்றன. உடல் ஊனத்துக்கான ஓய்வூதியம் கோரும்போது, அந்தப் பாதிப்பு பணியால் நேர்ந்ததா என்பது பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டே முடிவுசெய்யப்படுவதால், பீரங்கி முழக்கத்தில் செவித்திறனை இழந்தவர்கூட, அன்று முகாம் மருத்துவர் எழுதிய குறிப்பு கைவசம் இல்லையென்றால் திணறிப்போகிறார். மறுப்புக் கடிதம் வந்தபின், மேல்முறையீட்டுக்கான கெடுவும் மனச்சோர்விலேயே கடந்துவிடுகிறது. கணவரின் பணிப் பதிவேட்டையே கண்டிராத கைம்பெண்களின் நிலை இன்னும் கடினம்.

எனவே, முதல் விண்ணப்பத்தை நிரப்பும்போதே சட்டத்துணை கிடைக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு ஓய்வூதிய விதிகளிலும் மருத்துவக் குழு அறிக்கைகளைப் படிப்பதிலும் வழக்கறிஞர் சங்கங்கள் முறையான பயிற்சி அளிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்