இந்த வார விளையாட்டு: தாக் தாக் தாக்கியா

உறுப்பினர்களுக்கு வணக்கம். பிற நாட்டுச் சிறுவர் விளையாட்டு வரிசையில் இந்த வாரம், பாலஸ்தீனம், ஜோர்டான் முதலிய அரபு நாடுகளில் ஆடப்படும் 'தாக் தாக் தாக்கியா'வை எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கைதட்டிப் பாட, ஒருவர் மட்டும் தாக்கியா எனப்படும் துணித்தொப்பியுடன் வெளியே சுற்றிவந்து, யாராவது ஒருவரின் முதுகுக்குப் பின்னால் அதை ஓசையின்றிப் போட்டுவிட்டு நகர்வார். கண்டுகொண்டவர் தொப்பியோடு துரத்த வேண்டும். காலியான இடத்தில் முந்தி உட்கார்ந்துவிட்டால் போட்டவர் தப்பினார். ஏறக்குறைய நம் 'குலை குலையா முந்திரிக்கா'தான்! திரும்பிப் பார்க்கக் கூடாதென்பதால், கையைப் பின்னால் நீட்டித் துழாவும் பிள்ளைகளைப் பார்ப்பதே தனி வேடிக்கை. எகிப்தில் இதே ஆட்டத்தை நரியைப் பற்றிய பாட்டோடு ஆடுகிறார்கள். அரபு நாடுகளில் வசிக்கும் உறுப்பினர்கள், அங்கே கேட்ட பாட்டு வடிவங்களைக் குரல்பதிவாக அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.